ஏழாம் யூனிட் ரவுட்டரை முழுசாப் பாத்தீங்களா?

உக்காருங்க மேடம். அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன், வந்துரும். போன வெள்ளிக்கெழம நம்ம ஏழாம் யூனிட்ல நெட்வொர்க் நாப்பத்தேழு நிமிசம் ஏன் நின்னுச்சு, அதான கேக்க வந்திருக்கீங்க? மெட்ராஸ்ல இருந்து இத விசாரிக்கறதுக்குன்னே வந்திருக்கீங்க. சொல்றனுங்க. எங்கிட்ட ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. ஆனா மூஞ்சி பாருங்க, சிரிச்சுக்கிட்டே இருக்குது. நானாச் சிரிக்கலீங்க, அதுவாச் சிரிக்குது. காலைல ஷேவ் பண்றப்பக் கூடச் சிரிச்சு ரெண்டு எடத்துல கீறிக்கிட்டேன். நீங்க தப்பா நெனைச்சுக்காதீங்க. மில்லு நின்னதுக்கு வருத்தம் இருக்குதுங்க. இருக்குது. கொஞ்சம் பின்னாடி நிக்குது, அவ்வளவுதான்.

எம்பேரு குணசீலன். ஃபைல்ல இருக்கும். நெட்வொர்க் இஞ்சினியர், ஒம்போது வருச சர்வீஸ். மில்லுல யாரைக் கேட்டாலும் பைப்பு குணான்னாத் தெரியும். தண்ணிப் பைப்பு இல்லீங்க. அதச் சொன்னாத்தான் உங்களுக்கு மத்ததெல்லாம் வெளங்கும்.

நம்ம குரூப்புக்குப் பதினொரு யூனிட்டு. யூனிட்டுக்கு ஒரு ரவுட்டர் பொட்டி. கம்ப்யூட்டரு, போனு, கேமரா எல்லாத்தோட வயரும் அதுலதான் வந்து சொருவும். நான் இங்க பல்லடத்துல உக்காந்துக்கிட்டே எந்தப் பொட்டிக்குள்ள வேணாலும் போயி, உன்ற சமாச்சாரம் என்னன்னு டைப் அடிச்சுக் கேக்கலாம். அது சொல்லும். அங்கதானுங்க ரோதனை. ஒறம்பரைக்கு வந்த பெரியப்பாகிட்ட நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டா, குடல் எறக்கத்துக்கு ஆபரேசன் பண்ணுனதுல இருந்து ஆரம்பிப்பாரு பாருங்க, அந்த மாதிரி. தொள்ளாயிரம் வரி சொல்லும். ஒரு ஸ்கிரீன் ரொம்புனதும் நின்னு, இன்னும் இருக்குதுன்னு காட்டும். ஸ்பேஸ் கட்டையத் தட்டணும். தட்டுனா இன்னொரு ஸ்கிரீன். மறுபடியும் இன்னும் இருக்குதுங்கும். மனுசன் எத்தனை தடவ தட்டறது?

அதுக்குத்தானுங்க பைப்பு. கீபோர்டுல நட்டக்குத்தலா ஒரு கோடு இருக்கும், யாரும் தொடாத கட்டை. கேட்ட கேள்விக்குப் பின்னாடி அந்தக் கோட்டப் போட்டு, 'இன்க்ளூடு டவுன்'னு அடிச்சா, டவுன்ங்கற வார்த்தை இருக்கற வரி மட்டும் வரும். மத்ததெல்லாம் வாய மூடிக்கும். 'எக்ஸ்க்ளூடு'ன்னு அடிச்சா, நாம வேண்டாங்கற வரி போக மிச்சம் வரும். மாவு சலிக்கற மாதிரிதான். தொள்ளாயிரம் வரிய நான் நாலு வரிக்குக் கொண்டாந்துருவேன். மத்தவங்க அரை மணி நேரம் பாக்கறத நான் அரை நிமிசத்துல பாப்பேன். எங்கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க மேடம், அது மட்டும் நான் தைரியமாச் சொல்லுவேன்.

இருங்க, டீ வந்துருச்சு. சக்கரை போதுங்களா? சரி.

ஒவ்வொரு போர்ட்டுக்கும், அதாவது வயர் சொருவற ஓட்டை ஒவ்வொண்ணுக்கும், டிஸ்கிரிப்ஷன்னு ஒரு குறிப்பு வரி உண்டு. இது எந்த ரூமுக்குப் போற வயருன்னு எழுதி வச்சுக்கறது. எனக்கு முன்னாடி இருந்த ஆளு அதுல எழுதி வச்சிருந்தத நீங்க பாக்கணுமே. ஒண்ணுல கேண்டீன். அடுத்ததுல பழைய கேண்டீன். அதுக்கடுத்ததுல கேண்டீன் இல்ல. இதப் படிச்சு என்னத்தப் பண்றது? அதனால நான் எல்லா ரவுட்டர்லயும் ஒரு சுருக்கு வழி செஞ்சு போட்டேன். 'பாரு'ன்னு ஒரு வார்த்தை அடிச்சாப் போதும், குறிப்பு வரி அத்தனையும் கழிச்சுட்டு மிச்சத்தக் காட்டும். எங்க டிபார்ட்மெண்டு ஹெட்டு அங்கமுத்து சார் கைதட்டிப் பாராட்டுனாரு. அவருக்கு இந்தக் கட்டளையெல்லாம் ஒண்ணும் தெரியாது. ரவுட்டர் இருக்கற கண்ணாடி பீரோ சாவி பதினொண்ணையும் இடுப்புலயே வச்சிருப்பாரு, அதுதான் அவரு வேலை. அத எழுதாதீங்க.

இப்ப ரூபகலா.

உடுமலைப் பக்கம் ஏழாம் யூனிட்ல இருக்கறாங்க. போன வருசம் சேந்தாங்க. அங்க நெட்வொர்க் அவங்க பொறுப்பு. ஏழாம் யூனிட் ரவுட்டருக்குப் பாஸ்வேர்டு இருக்கறது உலகத்துலயே ரெண்டு பேருக்கு. அவங்களுக்கும் எனக்கும். வெள்ளிக்கெழம மூணு மணிக்கு நாங்க போன்ல பேசணும், அது வழக்கம். வாராந்திரச் சரிபார்ப்புன்னு ரிஜிஸ்டர்ல இருக்கும். அவங்க மேசை சூப்பர்வைசருங்க மூணு பேரு உக்கார்ற ரூம்ல இருக்குது. போன் ஸ்பீக்கர்லதான் ஓடும், ரிசீவர் ஒடஞ்சு கெடக்குது. செல்போன மில்லுக்குள்ள விடறதில்ல, பஞ்சு இருக்கற எடம். நானும் அவங்க செல் நம்பரக் கேட்டதில்லீங்க. ஆபீஸ் நம்பர்தான் இருக்குதே, அப்புறம் எதுக்குன்னு இருந்துட்டேன்.

குரல் நல்லா இருக்கும். அத நான் கவனிச்சேன். நான் கவனிக்காம விடுவேனா? வியாழக்கெழமையே எனக்கு வெள்ளிக்கெழம மாதிரி இருக்கும். சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுட்டு வருவேன், போன்ல பேசறதுக்கு. அங்கமுத்து சார் கேப்பாரு, என்னப்பா இன்னிக்கு மினிஸ்டர் வர்றாரான்னு. ஆனா வாயத் தொறந்து சொல்ல மட்டும் எனக்கு வரல. மூணு சூப்பர்வைசர் கேட்டுக்கிட்டு இருக்கறப்ப என்னத்தச் சொல்றதுங்க?

ஐப்பசி மாசம், ஒரு வெள்ளிக்கெழம, அவங்க கேட்டாங்க. "சார், ஏழாம் யூனிட் ரவுட்டரை முழுசாப் பாத்தீங்களா?"

நான் சொன்னேன், "பாத்தாச்சுங்க. தேவையில்லாததெல்லாம் எடுத்துட்டுப் பாத்தேன். சுத்தமா இருக்குது."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. ஒரு பத்து செகண்டு. அப்புறம் "சரிங்க சார்"னு வச்சுட்டாங்க.

அடுத்த வெள்ளிக்கெழம மறுபடியும், "முழுசாப் பாத்தீங்களா?" மறுபடியும் நான், "பாத்துட்டேன், ஒண்ணுமே இல்லீங்க." மறுபடியும் அந்தச் சத்தமில்லாம இருக்கறது. மூச்சு விடறது மட்டும் கேக்கும். பன்னண்டு வாரமுங்க மேடம். ஒரு வாரம் விடாம கேட்டாங்க. பொறுப்பான பொண்ணுன்னு நெனைச்சேன். போன் லைன்ல கோளாறுன்னும் நெனைச்சேன். பேச்சு நின்னு நின்னு வருது, மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குதுன்னு கம்ப்ளைண்டு எழுதிக் குடுத்து ரிப்பேர்காரர ரெண்டு தடவ ஏழாம் யூனிட்டுக்கு அனுப்புனேன். அவரு போயிக் கழட்டி மாட்டிட்டு, லைன் நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிட்டு வந்தாரு. ரெண்டாந் தடவ போனப்ப ரூபகலா அவரக் கதவுகிட்டயே நிறுத்தி, "யாருக்கு ரிப்பேருன்னு பாத்துட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்களாம். சரி, ஏதோ வேலை டென்ஷன்னு விட்டுட்டேன்.

நீங்க இப்பவே சிரிக்கறீங்க. இருங்க, வர்றேன்.

போன வெள்ளிக்கெழம அங்கமுத்து சார் பொள்ளாச்சியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. அங்க இருந்து போன் போடறாரு. புது கேமரா வருதாம், ஏழாம் யூனிட்ல எத்தனை போர்ட்டு காலியா இருக்குதுன்னு உடனே வேணுமாம். காலி போர்ட்டுன்னா ஓடாம அமுத்தி வச்சு, குறிப்பு வரியில காலின்னு எழுதியிருக்கும், அது எங்க முறை. வேணுங்கறப்ப ஒரு கட்டளையில எழுப்பி விட்டுக்கலாம். நான் 'இன்க்ளூடு காலி'ன்னு அடிச்சேன். ஒண்ணுமே வரல. இதென்ன கெரகம், பன்னண்டு இருக்கோணுமேன்னு, சரி குறிப்பு வரி எல்லாத்தையும் காட்டுன்னு அடிச்சேன். ஒம்போது வருசத்துல மொதத் தடவையா, கழிக்காம.

இங்கிலீஷ் எழுத்துல தமிழு. பதிமூணாம் போர்ட்டு. "குணா, இத வேற யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரியும். நீங்க படிப்பீங்க."

மேடம், எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சுங்க. வைரஸ்னுதான் மொதல்ல நெனைச்சேன். நெசமாலுமே! நம்ம பேரத் தெரிஞ்சுக்கிட்டு ஒரு வைரஸ் வந்திருக்குதுன்னு. அப்புறம் பாத்தா, பக்கத்து வரியிலயும் குணா. அதுக்குக் கீழயும் குணா. ஒடனே என்ன பண்ணுனேன்? நமக்குத்தான் கை வந்த கலையாச்சே. 'இன்க்ளூடு குணா'ன்னு அடிச்சேன். அடிச்சது பாருங்க, கேண்டீன், பழைய கேண்டீன் எல்லாம் தள்ளிப் போயி, எம்பேரு இருக்கற வரி மட்டும் வரிசையா நின்னுச்சு. என்ன அழகுங்கறீங்க! வாரத்துக்கு ஒண்ணு. பதிமூணாம் போர்ட்டுல ஆரம்பிச்சு இருபத்தி நாலு வரைக்கும். காலியா இருந்த போர்ட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்கா.

மனப்பாடமா இருக்குதுங்க. சொல்லட்டுங்களா? ஆபீஸ் விசயம்தான், ரவுட்டர்ல இருந்ததுதான.

பதினாலு: "குணா, நீங்க போன்ல சிரிச்சா இங்க மூணு பேரு திரும்பிப் பாக்கறாங்க. நான் வால்யூமக் கொறைக்க மாட்டேன்."

பதினஞ்சு: "குணா, இதப் படிச்சிருந்தீங்கன்னா, வெள்ளிக்கெழம பேசறப்ப மழை வருமாட்ட இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்குப் புரிஞ்சுரும்."

இதக் கேளுங்க, இதக் கேளுங்க. அந்த வெள்ளிக்கெழம நெசமாவே வானம் கருகும்முன்னு இருந்துச்சு. ஐப்பசி மாசம் வேற எப்படி இருக்கும்? நான் பேச்சுவாக்குல, "மழை வருமாட்ட இருக்குதுங்க"ன்னேன். அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு! கண்ணாடி வளையல் குலுங்கற மாதிரி. எனக்கும் ஒரே குஷி. குஷியில தொடர்ந்து சொன்னேன், "மொட்டை மாடி கேபிளெல்லாம் நனைஞ்சுரும், ஒரு பிளாஸ்டிக் சாக்கப் போட்டுச் சுத்தி வச்சிருங்க"ன்னு.

பதினாறு: "குணா, சொல்லிட்டீங்க! ஆனா சாக்குப்பை எதுக்குன்னு புரியல."

பதினேழு: "குணா, நெசமாவே மழையத்தான் சொன்னீங்களா?"

அய்யோ! மேடம், டீ சிந்தீருச்சு பாருங்க, தொடைச்சுக்குங்க. எனக்கு அதப் படிச்சப்ப ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் என்னையவே ரெண்டு வெக்கலாமாட்ட இருந்துச்சு.

பதினெட்டு: "குணா, எங்கூட்ல ஜாதகம் எடுத்துட்டாங்க." அதப் படிச்சதும் பொக்குன்னு போச்சுங்க. அப்புறம் இருபது: "குணா, நீங்க என்ன மனுசன்?" இருபத்தி ஒண்ணு: "குணா, கண்ணு டாக்டர்கிட்டப் போயிட்டு வாங்க." இருபத்தி ரெண்டு: "குணா, எனக்கு இட்லி பஞ்சா வராது. தோசை நல்லா வரும். முன்னாடியே சொல்லிட்டேன்." இருபத்தி மூணு: "குணா, கோவமா இருக்கேன்."

என்னங்க? பத்தொம்போதா? ஆமாங்க, பத்தொம்போது... அது நான் அப்பக் கவனிக்கல. அதுக்கு வர்றேன். அதுலதான் உங்க நாப்பத்தேழு நிமிசமே இருக்குது.

மொதல்ல இருபத்தி நாலக் கேளுங்க. "குணா, இதோட எழுதறதுக்கு எடம் தீந்துருச்சு. தை பொறந்துருச்சு, எங்கூட்ல வேற எடத்துக்கு வாக்குக் குடுத்துருவாங்க. உங்களுக்குச் சரின்னா இந்த இருபத்தி நாலை மட்டும் எழுப்பி விடுங்க. நான் இங்க ஸ்கிரீன்ல பாத்துக்கறேன். வெள்ளிக்கெழம பொழுதோட எல்லாத்தையும் அழிச்சிருவேன்."

வெள்ளிக்கெழம! அன்னிக்கேதானுங்க வெள்ளிக்கெழம! மணி மூணு நாப்பது! அன்னிக்கு மூணு மணிக்குப் பேசுனப்பக் கூட நான், "பாத்துட்டேன், ஒண்ணுமே இல்ல"ன்னுட்டு வச்சிருக்கேன்! நீங்களே சொல்லுங்க மேடம், உங்க ரத்தமும் மனுச ரத்தந்தான, அந்த நேரத்துல ஒரு போர்ட்ட எழுப்பி விட்டுட்டுப் பொட்டாட்ட உக்காந்திருக்க முடியுங்களா? பன்னண்டு வாரம் எழுதியிருக்கா. பதில் பன்னண்டுக்கும் சொல்ல வேண்டாமா? ஒரே கட்டளையில பதிமூணுல இருந்து இருபத்தி நாலு வரைக்கும் மொத்தமா எழுப்பி விட்டேன். என்டர் அடிச்சுட்டு எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் தூக்கிட்டேன். அந்தச் சேர்தான் அப்ப விழுந்து கால் போச்சு.

அடுத்த நிமிசம் ஏழாம் யூனிட் செத்துப் போச்சு.

மொதல்ல ஸ்கிரீன்ல மொத்தமா வந்ததத் திருப்பி மேல தள்ளிப் பாத்தப்பத்தான் பத்தொம்போதுல எழுதியிருந்தது என்னன்னு தெரிஞ்சுது. "பத்தொம்போதுக்கும் இருபதுக்கும் ஒரே வயர மாட்டி வச்சிருக்காங்க. கூட்டற ஆளுங்க வேலை. பீரோ சாவி மூணு தடவ கேட்டும் வரல. இந்த ரெண்டையும் எழுப்பாதீங்க." வேலை விசயம். அதுல எம்பேரு இல்ல. அதனால அது வரலீங்க. என்ற சல்லடையில நிக்கல. ரெண்டையும் சேத்து எழுப்புனா, ஒரு பக்கம் போற பேச்சு மறு பக்கம் அதே பொட்டிக்குள்ள வந்து, சுத்திச் சுத்தி, பொட்டி மூச்சு முட்டி நின்னுரும். அப்படி நிக்காம இருக்கறதுக்கு ஒரு தடுப்பு இருக்குது. அத ஆடி மாசம் நாந்தான் நிறுத்தி வச்சேன், ரொம்ப வரி வருதுன்னு. அத எழுதிக்குங்க, பரவால்ல. அது என்ற தப்பு.

இங்கிருந்து உள்ள போயித் திருப்பி அமுத்தவும் முடியல. போனும் அதே வயர்லதான ஓடுது, போனும் போச்சு. சாவி பொள்ளாச்சிக் கல்யாணத்துல, அங்கமுத்து சார் இடுப்புல. அவரு பந்தியில உக்காந்துட்டதால எந்திரிச்சு வர முடியாதுன்னுட்டாரு. நாப்பத்தேழு நிமிசமும் நான் இந்த ரூம்ல குறுக்கயும் நெடுக்கயும் நடந்தேன். மில்லு நின்னு போச்சேன்னு இல்லீங்க, பொய் சொல்லக் கூடாது. அவ என்ன நெனைச்சிருப்பாளோன்னு. எழுப்பச் சொன்னது ஒண்ணு, எழுந்தது பன்னண்டு. சரின்னு எடுத்துக்குவாளா, திமிருன்னு எடுத்துக்குவாளா?

நாலு இருபத்தி ஒம்போதுக்கு நெட்வொர்க் வந்துச்சு. வந்த ஒடனே போனு. அவதான். பின்னால சூப்பர்வைசருங்க கத்திக்கிட்டு இருக்காங்க. "ஒண்ணத்தான எழுப்பச் சொன்னேன்?"ன்னா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, "ரிப்போர்ட்டுல எழுதறேன். அதையாச்சும் முழுசாப் படிங்க"ன்னுட்டு வச்சுட்டா. அவ்வளவுதான். அப்புறம் ரவுட்டர்ல போயிப் பாத்தேன், பன்னண்டு குறிப்பையும் அழிச்சுட்டா. சனிக்கெழம போன் போட்டேன், எடுக்கல. இன்னிக்குக் காலைல போட்டேன், எடுக்கல.

இப்ப உங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான் மேடம். உங்க ரிப்போர்ட்டுல ரூபகலா பேர மட்டும் எடுத்துருங்க. ரவுட்டர்ல சொந்த விசயம் எழுதுனதுக்கு வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. நாந்தான் எல்லாம் பண்ணுனேன்னு போட்டுக்குங்க. எனக்குச் சம்பளத்துல வெட்டுங்க, வேற யூனிட்டுக்கு மாத்துங்க, கொட்டகையில போட்டுப் பஞ்சு மூட்டை எண்ணச் சொல்லுங்க, எண்ணறேன். அவளுக்கு என்னைப் புடிக்குமா புடிக்காதான்னு இப்ப எனக்குத் தெரியாது. வெள்ளிக்கெழம மூணு நாப்பதுக்குப் புடிச்சிருந்துச்சு. அதுவே எனக்குப் போதும். போதாதுங்க, சும்மா சொல்றேன்.

அவ ரிப்போர்ட்டா? வந்துச்சுங்க, சனிக்கெழமையே மெயில்ல வந்துச்சு. நம்ம பெரிய முதலாளி போட்ட சட்டம் உங்களுக்குத் தெரியுமே. வண்டி மோதுனாலும், பாம்பு வந்தாலும், நெட்வொர்க் நின்னாலும் ஒரே ஃபாரம், தமிழ்லதான் எழுதணும். அவ மூணு பக்கம் எழுதியிருக்கா. படிச்சனுங்க. படிச்சேன்னா... எம்பேரு எங்கெங்க வருதுன்னு தேடச் சொல்லிப் பாத்தேன். நாலு எடத்துல வருது. நாலும் திட்டு. "குணசீலன் கவனிக்கவில்லை", "குணசீலன் மீண்டும் கவனிக்கவில்லை", அந்த மாதிரி. அதுக்கு மேல படிக்கத் தெம்பில்லாம மூடி வச்சுட்டேன்.

எதுக்குங்க மேடம் அத எடுக்கறீங்க? பிரிண்டு போட்டே கொண்டாந்திருக்கீங்களா? நான் படிக்கறதா? இப்பவா? சத்தமாவா?

சரி, குடுங்க. மொதல்ல இருந்தே படிக்கறேன்.

"என்ன நடந்தது: வெள்ளி மாலை 3.42க்கு ஏழாம் யூனிட்டின் பன்னிரண்டு காலி போர்ட்டுகள் ஒரே நேரத்தில் இயக்கப்பட்டன." இது தெரியும். ஒரு பக்கம் பூரா இதுதான். விட்றலாங்களா? இல்ல இல்ல, படிக்கறேன், படிக்கறேன். "பீரோ பூட்டைச் சுத்தியலால் உடைத்து வயரை எடுத்தேன்." சுத்தியலா! அவளே ஒடச்சிருக்காளா! "யாருக்குக் காயம்: என் வலது கை கட்டை விரல். நகம் போய்விட்டது. வேறு யாருக்கும் இல்லை."

நகம் போயிருச்சாம் மேடம். எங்கிட்ட யாருமே சொல்லலீங்களே. வெள்ளிக்கெழம போன் பண்றப்ப அந்த வெரலோடயா பேசுனா? நான் அவ குரலக் கேட்டேனே, ஒண்ணுமே தெரியல எனக்கு.

சரிங்க, சரிங்க. "ஏன் நடந்தது: போர்ட் குறிப்புகளில் சொந்த விஷயம் எழுதியது நான். அதை மறைக்கவில்லை." அட, நான் மறைக்கச் சொல்லிக்கிட்டு இருக்கேன், இவ எழுதியே குடுத்துட்டாளே! "மேற்படி ஊழியர் எதையும் முழுசாகப் படிக்காதவர். தன் பெயர் இருக்கும் வரிகளை மட்டும் படிப்பவர்." மேற்படி ஊழியர்னா... நானுங்களா? அதான் தேடுனப்ப இது வரல. "அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவசரம். அளவுக்கு மீறிய சந்தோஷம் என்று நினைக்கிறேன். எனக்கும் இருந்தது."

எனக்கும் இருந்தது.

எனக்கும் இருந்ததுன்னு எழுதியிருக்கா மேடம்! நீங்க இதப் படிச்சிட்டுத்தான் வந்தீங்களா? ரயில்லயே படிச்சுட்டீங்களா? அப்புறம் எதுக்கு என்னை இத்தனை நேரம் பேச விட்டீங்க? இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன். அடுத்த பக்கம். "இனி நடக்காமல் இருக்க என்ன செய்யப்படும்: மேற்படி ஊழியர் எதைப் படித்தாலும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படிக்க வைக்க வேண்டும். பொறுப்பு ஏற்பவர்: ரூபகலா. எந்தத் தேதி வரை..."

தேதி போடலீங்க. தேதி போடற கட்டத்துல, "கடைசி வரைக்கும்"னு எழுதியிருக்கா.

மேடம்! கடைசி வரைக்குமுங்க! நான் எங்கம்மாவுக்குப் போன் போடணும். எங்க என்ற போனு? இதோ இருக்குது. அங்கமுத்து சாருக்கும் சொல்லணும், இல்ல, அவருக்கு வேண்டாம். என் கண்ணு ஏன் இப்படித் தண்ணி கொட்டுது? நீங்க உக்காந்திருங்க, நான் வெளிய போயி ஒரு சத்தம் போட்டுட்டு வந்தர்றேன்.

என்னங்க? இன்னும் ஒரு பக்கமா?

பின்னாடியா? ஆமா, கையால என்னமோ எழுதி, ஸ்கேன் பண்ணி மெயில்லயே சேத்திருக்கா. "மேற்படி ஊழியர் இதுவரைக்கும் படித்து வந்திருந்தால்: திங்கட்கிழமை ஒரு நாள்தான் அப்பா கடைக்கு லீவு. வீட்டில்தான் இருப்பார். மதியம் மூணு மணிக்குள் அம்மாவைக் கூட்டி வரவும். மூணரைக்குப் பெண் பார்க்க வேறு ஆட்கள் வருகிறார்கள்."

இன்னிக்கு என்ன கெழம? திங்கக்கெழமைதான! மணி என்னங்க? ஒண்ணே காலா? இங்கிருந்து உடுமலை ஒரு மணி நேரம், எங்கம்மா சேலை மாத்த அரை மணி நேரம். அய்யோ, வண்டிச் சாவி! நீங்க வச்சிருக்கீங்களா? எப்ப எடுத்து வச்சீங்க? குடுங்க மேடம், குடுங்க. உங்க ரிப்போர்ட்டுல என்ன வேணாலும் போட்டுக்குங்க, எம்பேரும் போடுங்க, அவ பேரும் போடுங்க, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போடுங்க. கையெழுத்து எங்க வேணும்? இங்கயா? இந்தாங்க, போட்டுட்டேன். படிக்காமயே போட்டுட்டேன், அவகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க.